ஈரத்தை அடியில் மறைக்காதீர்



சென்ற ரமளானுக்கு முன் தாம்பரத்தில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலத்தில், பழைய காலாவதித் தேதியின் மீது புதிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். "பழம் நன்றாகத்தானே இருக்கிறது பாய்? ஹலால்தானே!" என்றார்.

ஹலால் என்ற சொல்லோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அல்பகரா அத்தியாயத்தின் 168-ஆம் வசனம் ஹலாலையும் தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும், தூய்மையானதாகவும் இருக்க வேண்டும். மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்தது குற்றமன்று, அதை மக்கள் காணும்படி மேலே வைக்காததே குற்றம். மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஸ்டிக்கர் வேறென்ன செய்கிறது? ஈரத்தை அடியில் மறைக்கிறது.

மூடிய டப்பாவிலோ கைவிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சு உணவில் இருந்தும் நிறமோ மணமோ மாறாதிருக்கலாம். ஊதிப்போன டப்பாவைத் தள்ளுபடி விலையில் விற்பவர், பிறர் பிள்ளையின் உயிரை விலை பேசுகிறார்.

"உணவு அலுவலர்கள் தொல்லை கொடுக்கிறார்கள்" என்பது நம் வணிகச் சகோதரர்கள் சிலரின் புலம்பல். இது நேற்று முளைத்த சட்டமன்று. மதராஸ் மாகாணம் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றியது. 1954-இன் மத்தியச் சட்டம் 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலில் உள்ளது. தவறான விவரச்சீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதே சட்டம் வணிகருக்கும் காப்பளிக்கிறது: மாதிரி 4 பகுதிகளாகப் பிரிக்கப்படும், கோரினால் ஒரு பகுதி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குச் செல்லும், ஆய்வறிக்கையை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். கையூட்டுக் கேட்கும் அலுவலர் இருந்தால் அவரும் பாவியே. ஆனால் அவருடைய பாவம் நம்முடைய ஸ்டிக்கரை ஹலாலாக்கிவிடாது.

தாய்மார்களே, தேதியைப் பாருங்கள், ரசீது கேளுங்கள், ஐயமிருந்தால் புகார் அளியுங்கள். அது காட்டிக்கொடுத்தல் அன்று, தீமையைத் தடுத்தல். ஜமாஅத் நிர்வாகிகளே, ஒரு ஜும்ஆ பயானையாவது இதற்கு ஒதுக்குங்கள். வணிகர்களே, அலுவலர் வராத நாளிலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான். அளவில் குறைப்போரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே அருளியவன் அவன்.

தூய உணவையும் தூய வருவாயையும் அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.