பெருமாநல்லூர் பனியன் கம்பெனிப் பெண்கள்: வேலை போனால் படுக்கையும் போகும்... சிக்கல் எங்கே?

பெருமாநல்லூர் என்றதும் கொங்குப் பகுதிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம். ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ ரயிலேறும் ஓர் இளம்பெண்ணுக்கு அது ஒரு ஹாஸ்டல் இருக்கும் ஊர், அவ்வளவுதான். திருப்பூருக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தூரத்தில், சேலம் - கோவை தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. பக்கத்து எட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். டைலர், செக்கிங், பிசிறு வெட்டுதல் என வேலைக்குப் பஞ்சமில்லை. தங்குவதும் போய் வருவதும்தான் பாடு.

"கம்பெனியே ஹாஸ்டல் தருதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். தருகிறது, உண்மைதான். தனியாக வரும் வெளிமாநிலப் பெண்ணுக்கு வெளியே லைன் வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அட்வான்ஸ் வேண்டும், தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும், "கூட ஆம்பளை யாரும்மா?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதுவும் தமிழில். ஆகவே ஊரிலிருந்து கிளம்பும்போதே ஹாஸ்டல் முடிவாகிவிடுகிறது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வேலை தருபவரும் படுக்கை தருபவரும் காலையில் வேனில் ஏற்றுபவரும் ஒரே ஆள். சூப்பர்வைசர் கையைப் பிடித்தான் என்று புகார் சொல்ல நினைக்கும் பெண் சம்பளத்தை மட்டும் யோசித்தால் போதாது. இன்று ராத்திரி எங்கே படுப்பது என்றும் யோசிக்க வேண்டும். வேறு கம்பெனியில் ஷிப்ட்டுக்குக் கூடுதல் கூலி தருகிறார்கள் என்றாலும் அதே கதைதான். உள்ளூர்ப் பெண் மறுநாளே மாறிவிடுவாள். ஹாஸ்டல் பெண்ணுக்கு, மாறுவது என்றால் பெட்டியைக் கட்டுவது.

இது புதுசில்லை. நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் 3 ஆண்டு முகாமில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன காலத்திலும் பிடி விடுதியில்தான் இருந்தது. திண்டுக்கல் ஆடை ஆலையில் வேலை செய்த பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, 2022-ல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. புகார் சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பது அதில் முக்கியம். சரி, கதவைப் பூட்டும் வார்டனே கம்பெனி ஆளாக இருக்கும் இடத்தில் பழிவாங்கல் எப்படி இருக்கும்? சத்தமே இல்லாமல் இருக்கும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மகளிர் விடுதிகளை முறைப்படுத்த 2014-லேயே தமிழகம் சட்டம் இயற்றியது. உரிமம் கட்டாயம். ஆனால் உரிமம் கழிவறையையும் காவலாளியையும் பார்க்கும். வேலை போன அன்று வெளியேற்றலாமா என்பதே அல்லவா கேள்வி?

அடுத்து பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். எந்த ஊர்ப் பெண் என்றெல்லாம் கேட்பதில்லை. நல்ல திட்டம். ஆனால் திருப்பூர் வேலை நேரம் வேறு. காலை 8.30-க்கு ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு 8.30. அதன்பிறகு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இருக்கும் கம்பெனிக்கும் லைன் வீட்டுக்கும் நடுவில் என்ன ஓடுகிறது என்பதுதான் விஷயம். ஷேர் ஆட்டோவா, நடையா? போர்டும் தமிழில் மட்டும் இருந்தால், இலவச பஸ் எது என்றே புதிதாக வந்தவருக்குத் தெரியாது. பெண்களின் இரவு வேலைத் தடையை 2000-ல் நீக்கிய சென்னை உயர் நீதிமன்றம், போக்குவரத்து வசதியையும் நிபந்தனையாக வைத்தது. கம்பெனி வேன் அந்தத் தேவையைத் தீர்க்கிறது. ஆனால் வேன் கேட் டு கேட். நடுவில் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ இறங்க முடியாது.

அரசால் கட்ட முடியாதா? ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளுடன் சிப்காட் கட்டிய வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு ரூ.706.50 கோடி. அங்கேயும் தங்குவது பாக்ஸ்கான் பெண்கள். அதாவது கட்டியது அரசு, ஆனால் ஒரு கம்பெனிக்காக. கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் உள்ள அரசின் 'தோழி' விடுதிகள் அப்படியல்ல. எங்கே வேலை செய்தாலும் அறை எடுக்கலாம். பெருமாநல்லூருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை, பனியன் கம்பெனி சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். கூடவே இரவு 8.30-க்குப் பிறகு குன்னத்தூர் ரோட்டிலும் பூங்கா பக்கமும் ஓடும் நாலு டவுன் பஸ். ஏற்றுமதியாளர்களுக்கும் இதில் நஷ்டமில்லை. ஹாஸ்டல் நடத்தும் செலவும் தலைவலியும் அவர்களுக்கு மிச்சம்.