படத்துக்குள்ள தூசி எந்த வழியா போகுது?

ஊர்ப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் நடைக்கு நேரா ரெண்டு மூணு படம் மாட்டியிருக்கும். ஒரு முருகர், ஒரு லட்சுமி, பக்கத்துல பொட்டு வெச்ச தாத்தா, ஆயா போட்டோ. கிட்டப் போய்ப் பாருங்க. கண்ணாடியை வெளிய பளபளன்னு துடைச்சிருப்பாங்க. உள்ள, கீழ் மூலையில மட்டும் செம்மண் நிறத்துல ஒரு கோடு படிஞ்சிருக்கும். "பழைய படம், அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடுறோம். அப்படி விடக்கூடாதுங்கறதுதான் என் கட்சி.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தூசிக்குப் பஞ்சமே இல்ல. மல்லாட்டை பிடுங்கிக் காய வெச்சா செம்மண். நெல்லறுக்கற மிஷின் ஓடினா பதரும் சுணையும். திருவக்கரை பக்கம் போனா கல் குவாரி. திண்டிவனம் - கிருஷ்ணகிரி ரோடு வேலை எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னு அந்த வழியா பஸ்ல போனவங்களுக்குத் தெரியும்.

இந்தத் தூசி கண்ணாடி வழியா உள்ள போறதில்ல, முதுகு வழியா போகுது. பின்னாடி ஒரு அட்டையை வெச்சு நாலஞ்சு ஆணி அடிச்சு விட்டுடுறாங்க. மழைக்கு அட்டை உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த இடுக்குல காத்து போய் வரும்போது தூசியும் கூடவே போகும். அதே வழியில இராமபாணப் பூச்சியும் போய்க் காகிதத்தை அரிக்கும்.

இன்னொரு வழி, கடையிலேயே உள்ள வெச்சு மூடறது. சட்டம் அறுக்கற மேசையிலேயே படத்தையும் கோக்கறாங்க. கண்ணாடியைக் காஞ்ச துணியால அழுத்தித் தேய்க்கறாங்க. தலையில தேச்ச சீப்புல காகிதத் துண்டு ஒட்டுதே, அதே மாதிரி தேச்ச கண்ணாடி தூசியை இழுக்கும்.

திண்டிவனத்துல ஒரு பிரேம் கடையில கேட்டேன். "அண்ணே, ஓரத்துல டேப் சுத்தி, பின்னாடி பேப்பர் ஒட்டிக் குடுக்கக் கூடாதா?"

"அதெல்லாம் யாரு தம்பி கேக்கறா? அரை மணி நேரத்துல குடுன்னுதான் எல்லாரும் நிக்கறாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். சட்டத்துக்குத் தங்க நிறம் வேணுமா, கறுப்பு வேணுமான்னு பத்து நிமிஷம் யோசிக்கற நாம, முதுகைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறதில்ல.

கேக்க வேண்டியது கொஞ்சம்தான். அறுக்கற வேலை முடிஞ்சு மேசையைத் துடைச்ச பிறகு படத்தைக் கோக்கணும். கண்ணாடியை ஈரத்துணியால துடைச்சு நல்லா உலர விடணும். மூடறதுக்கு முன்னாடி செல்போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாத்தா ஒத்தைத் தூசி கூடத் தெரியும். மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடணும், வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். கண்ணாடி, படம், அட்டை மூணையும் சேத்து ஓரம் பூரா காகித டேப் ஒட்டிட்டுத்தான் சட்டத்துல இறக்கணும். செலோ டேப் வேணாம், நம்ம வெயிலுக்குப் பசை உருகி உரிஞ்சுடும். கடைசியா முதுகு முழுக்கப் பழுப்புக் காகிதம்.

பழைய கறுப்பு வெள்ளை போட்டோவா இருந்தா இன்னொண்ணும் வேணும். சுத்தி அட்டைச் சட்டம் வெச்சு, போட்டோ கண்ணாடியைத் தொடாம நிக்கணும். அதோட மேல் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டா இளகி, காயும்போது கண்ணாடியோட ஒட்டிக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை கொட்டுச்சு. அப்படி ஒரு மழையில இடுக்கு வெச்ச அட்டை என்ன காவல் காக்கும்? கண்ணாடியில ஒட்டின போட்டோவைப் பிச்சு எடுத்தா முகம் கண்ணாடியோட போயிடும். பிக்காதீங்க. கண்ணாடியோடயே வெச்சு ஸ்கேன் எடுங்க.

"எல்லாம் போன்லதான் இருக்கே"ன்னு நீங்க சொல்லலாம். உங்க கல்யாணப் போட்டோ இருக்கும். உங்க ஆயாவோடது இருக்கா? கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச சாமி படம் சிவகாசியில அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கு. ஒண்ணு போனா இன்னொரு வீட்டுல கிடைக்கும். ஆயா படம் பல வீட்டுல ஒரே ஒரு பிரதிதான்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்தப் படத்தை இறக்கித் திருப்பிப் பாருங்க. இடுக்கு தெரிஞ்சா, முதல்ல ஒரு நகல் எடுத்துக்கிட்டு, நேரா பிரேம் கடைக்குப் போங்க. அரை மணி நேரம்னு அவசரப்படுத்தாதீங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வாங்க.