கேம்பிரிட்ஜ் என்ற பட்டம்

கும்பகோணத்தில் எந்தக் கூட்டத்திற்குப் போனாலும் சரி, மூன்றாவது பேச்சாளர் எழுந்திருப்பதற்குள் அந்த வார்த்தை வந்துவிடும். "தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் பெற்ற இந்தக் குடந்தை மாநகரிலே..." உடனே கை தட்டுவார்கள். கை தட்டுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேம்பிரிட்ஜைப் பார்த்ததில்லை. அது ஒரு குற்றமில்லை. ஆனால் தங்கள் ஊரையும் சரியாகப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் பட்டத்தின் ஜாதகம் இது. 1854-ல் காவிரிக் கரையில் சர்க்கார் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. 1867-ல் அது கல்லூரியாயிற்று. போர்ட்டர் என்ற கேம்பிரிட்ஜ் துரை பிரின்சிபாலாக இருந்து அதை வளர்த்தார். நல்ல மனிதர், நல்ல ஆசிரியர். அவர் பெயரில் ஊரில் ஒரு டவுன் ஹால் இருக்கிறது. ஆறு, ஆற்றங்கரையில் கல்லூரி, அதில் கேம்பிரிட்ஜ் படிப்பாளி ஒருவர்: உவமைக்கு இவ்வளவு போதும். உவமை பட்டமாயிற்று, பட்டத்தை நாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டோம்.

மலையாளத்திலும் தமிழிலும் ஏமாற்று வேலைக்குக் "கும்பகோணம் பண்ணுவது" என்று ஒரு பேச்சு உண்டு. ஊர்க்காரர்களுக்கு அதைக் கேட்டால் பொத்துக்கொண்டு வரும். நியாயம்தான். ஆனால் கும்பகோணத்துக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே பண்ணிக்கொண்ட பெரிய கும்பகோணம் இந்தக் கேம்பிரிட்ஜ்தான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில், அந்தப் பட்டத்துக்குச் சாட்சியாக யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ராமானுஜனை. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த பையன். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். மாதம் இருபது ரூபாய் சம்பளம். டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கி, உபகாரச் சம்பளத்தோடு 1904-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தான். கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லவில்லை. கிரேக்க ரோமானிய சரித்திரம், உடற்கூறு, ஆங்கிலம் எல்லாம் கட்டாயம். ஆங்கிலத்தில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. ஒரு பருவச் சம்பளமே தகப்பனாருக்கு ஒன்றரை மாத வருமானம். 1905-ல் பையன் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். பிறகு சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப். ஏ. தேறவில்லை.

1914-ல் அசல் கேம்பிரிட்ஜ் அவனை அழைத்துக்கொண்டது. 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினர், அதே வருஷம் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ. கிரேக்க சரித்திரத்தில் எத்தனை மார்க் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஆக, கேம்பிரிட்ஜ் ஏற்றுக்கொண்டவனைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் வெளியே அனுப்பியது. இதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அந்தப் பட்டத்தைப் பாடுகிறோமே, நம்முடைய துணிச்சலை என்னவென்று சொல்வது?

கல்லூரி ராமானுஜனுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். செய்தது. அவன் ஹைஸ்கூலில் இருந்தபோது, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புஸ்தகம் இந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் மூலமாக அவன் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். பையன் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தான். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம். கல்லூரி நூலகம் அவனை உண்டாக்கியது. கல்லூரிப் பரீட்சை அவனைத் துரத்தியது. இரண்டும் ஒரே கட்டடத்தில் நடந்தன. விழா மேடையில் பரீட்சைக்காரர்களின் வாரிசுகள்தான் பேசுகிறார்கள். நூலகத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு சாட்சி உ. வே. சாமிநாதையர். 1880-ல் தியாகராச செட்டியாருக்குப் பின் தமிழ்ப் பண்டிதராக வந்து, 1903 வரையில் இருந்தார். சில மாதங்கள் முன்பின்னாக இருந்திருந்தால் ராமானுஜனும் அவரும் ஒரே தாழ்வாரத்தில் எதிரும் புதிருமாக நடந்திருப்பார்கள். சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. எல்லாம் அவர் கும்பகோணத்தில் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அச்சேறியவை. இருபது வருஷத்துக்குள் தமிழ் ஜாதிக்கு அதன் ஞாபகம் திரும்பி வந்தது என்றால், அந்த ஊருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

ஆனால் அந்த வேலை எங்கே ஆரம்பித்தது? கல்லூரியில் அல்ல. ராமசாமி முதலியார் என்ற முன்சீப் 1880-ல் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். பார்க்கப் போன பண்டிதரிடம் என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஜாபிதா ஒப்பித்தார். அதெல்லாம் இருக்கட்டும், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார் அந்த மனிதர். அந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கூடத்தில் பிறந்தது. பிறகு ஐயர் ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய், அவர்கள் மதத்து நூலுக்கு அவர்களிடமே பொருள் கேட்டார். சைவப் பண்டிதர் ஒருவர் சமணர் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? கோர்ட்டு முன்சீப், சமண வியாபாரிகள், ஏட்டுச் சுவடி வைத்திருந்த வீடுகள், சம்பளம் கொடுத்த கல்லூரி, இத்தனையும் ஒரு மைல் சுற்றளவில் இருந்தன. அதுதான் கும்பகோணம். கேம்பிரிட்ஜுக்கு இதில் என்ன பாத்தியதை?

போர்ட்டர் துரை வருவதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்னே நாயக்கர்களுக்கு மந்திரியாக இருந்த கோவிந்த தீட்சிதர் இங்கே வித்தையை வளர்த்திருக்கிறார். பக்கத்தில் பழையாறையில் சோழர் மாளிகை இருந்தது. பாத்திரம் அடிக்கும் கம்மாளர்களும் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்களும் தங்கள் வித்தையைப் பள்ளிக்கூடம் இல்லாமலே காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். அதையெல்லாம் படிப்பு என்று நாம் எண்ணுவதில்லை.

இனி, யாரும் மேடையில் சொல்லாத சமாசாரத்துக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியை நடத்தியது நெல். குறுவையும் சம்பாவும் விளைந்து, வண்டி வண்டியாக மிராசுதார் வீட்டுக் குதிருக்குப் போய், அங்கிருந்து பையனுடைய கல்லூரிச் சம்பளமாகவும் சாப்பாட்டு விடுதிப் பணமாகவும் மாறியது. (அசல் கேம்பிரிட்ஜும் நிலக் குத்தகையில் கொழுத்ததுதான், அந்த மட்டில் உவமை பழுதில்லை.) நெல்லை விளைவித்தவன் பண்ணையாள். அவன் பிள்ளை மாடு மேய்த்தான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கே 1952 ஆக வேண்டியிருந்தது. கல்லூரி ஆரம்பித்து எண்பத்தைந்து வருஷங்கள் கழித்து. அந்த எண்பத்தைந்து வருஷங்களில் அங்கே படித்த வக்கீல்களும் ஜட்ஜுகளும் சுதந்திரத்தைப் பற்றி மில்டனும் பர்க்கும் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரனே அசந்துபோனான். கொல்லைப்புறம் வந்து நிற்கிறவனோடு பேச ஒரு பாஷை அந்தக் கல்லூரியில் யாருக்கும் கற்றுக் கொடுக்கப்படவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலிப் பிரச்சினையில், இதே டெல்டாவில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். நூறு வருஷக் கல்லூரிப் படிப்பு அந்தக் குடிசைக்கு எத்தனை காதம் தள்ளி நின்றது என்று யாராவது கணக்குப் பார்க்கட்டும்.

படித்தவர்களாவது ஊரில் தங்கினார்களா? 1877-ல் ரயில் வந்தது. பட்டம் வாங்கினவன் சென்னைக்கு ஏறினான், பிறகு பம்பாய்க்கு, டில்லிக்கு. நிலம் கைமாறியது, அக்ரகாரத்துத் திண்ணைகள் காலியாயின. கல்லூரி அந்த ஊருக்காக ஆட்களைத் தயாரிக்கவில்லை; ஊரை விட்டுப் போகத் தயாரித்தது. போனவர்கள்தான் இன்று மகாமகத்துக்கு வந்து, டிகிரி காப்பியைக் குடித்துவிட்டு, "அந்தக் காலத்துக் காலேஜ் ஸார் அது, இப்போது ஸ்டாண்டர்டே போச்சு" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இந்தப் பெருமூச்சின் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். காலையில் கல்லூரி வாசலில் நின்று பாருங்கள். பாபநாசம், திருவிடைமருதூர், வலங்கைமான் பக்கத்து பஸ்களிலிருந்து இறங்குகிற பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய வீட்டில் இவர்களுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. நூறு வருஷம் நெல்லைக் கொடுத்தவன் வீட்டுப் பிள்ளை இப்போதுதான் உள்ளே வருகிறது. அது வருகிற சமயம் பார்த்து ஸ்டாண்டர்டு போய்விட்டதாம்! பெண்களுக்கென்று அரசுக் கல்லூரி 1963-ல்தான் வந்தது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததும் 1948-ல்தான் என்பதால், பட்டத்துக்கு இன்னொரு பொருத்தம் வேண்டுமானால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெளிப்பட்டம் சூட்டிக்கொண்ட ஊர் தன் சின்னப் பள்ளிக்கூடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2004 ஜூலை 16. மதியச் சாப்பாட்டு அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. தொண்ணூற்று நான்கு குழந்தைகள். மாடியில் கீற்றுப் போட்டு, அதன் கீழ் குழந்தைகளை அடைத்திருப்பதைத் தெருவில் போனவர்களெல்லாம் பார்த்திருக்க வேண்டும். அதே வருஷத்து மகாமகம் நான்கு மாதம் முன்னேதான் நடந்து முடிந்திருந்தது. ஊரை எத்தனை சோடித்திருந்தார்கள்!

2025 ஏப்ரலில் கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. சந்தோஷம். அதற்கும் ஒரு வெளிநாட்டுப் பெயரை உவமையாகத் தேட யாராவது இப்போதே ஆரம்பித்திருப்பார்கள். அதற்குள் சில்லறை வேலைகள் கொஞ்சம் பாக்கி. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் கொடுத்து, கௌரவத்தை மட்டும் சம்பளமாகக் கொடுக்கிற வழக்கத்தை அரசுக் கல்லூரிகளில் நிறுத்த வேண்டும். ஒரு பாடத்தில் மட்டும் அபாரமாக இருக்கிற பையன் வந்தால் மற்றதில் தவறினான் என்று உபகாரச் சம்பளத்தை வெட்டாமல் இருக்க ஒரு விதி எழுத வேண்டும். ராமானுஜன் இருந்த வீட்டைப் புதுப்பித்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், நல்லது. கல்லூரி நூலகத்தையும் அதே அக்கறையோடு சுத்தம் செய்து, கல்லூரிக்கு வெளியே படிக்கிற ஹைஸ்கூல் பிள்ளைகளும் வந்து புஸ்தகம் எடுக்கும்படி சாயங்காலம் எட்டு மணி வரையில் திறந்து வைக்கட்டும்.