செய்தி வந்தால் ஆடிட்டர் வங்கிக்குப் போகட்டும்

என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே வயர்கார்டு கதையைச் சொல்லிவிடுவேன். ஜெர்மனியின் புகழ்பெற்ற பணப்பரிவர்த்தனை நிறுவனமாக இருந்தது அது. அதன் கணக்குகள் இடிக்கின்றன என்று லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' இதழில் டான் மெக்ரம் 2015 முதலே எழுதிவந்தார். அதே ஆண்டு சென்னையைச் சேர்ந்த ஒரு தொழிலை 34 கோடி யூரோ வரை தருவதாக வயர்கார்டு வாங்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு மொரீஷியஸ் நிதியம் அதை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தது. 2019இல் ஜெர்மனியின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு, செய்தி எழுதியவர்கள் மீதே புகார் கொடுத்தது. 2018ஆம் ஆண்டுக் கணக்குக்கு அதன் ஆடிட்டரான இஒய் நிறுவனம் நிபந்தனையில்லாத சான்று தந்தது.

2020 ஜூனில் வயர்கார்டு கணக்கில் காட்டிய 190 கோடி யூரோவைக் காணவில்லை. பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள் இரண்டும், அந்த ஆவணங்கள் போலி என்றன. அதற்கு முன் சிங்கப்பூரில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பணத்துக்கும் ஆடிட்டர்கள் வங்கியிடம் நேராகக் கேட்காமல், இடையில் இருந்தவர் தந்த காகிதங்களையே ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள் என்று அதே இதழ் எழுதியது. வங்கிக்கு நாமே கடிதம் அனுப்பி, பதிலை நம் அலுவலகத்துக்கே வரவழைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அத்தனை செய்திகள் வந்த பிறகும் அதைச் செய்யாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கணக்கியல் ஆய்வாளர் ஜெனிஃபர் ஜோ 2003இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பில் ஏற்கெனவே இருந்த தகவலே பாதகமான செய்தியாகப் பத்திரிகையில் வந்ததைப் படித்த ஆடிட்டர்கள், அந்த நிறுவனம் நொடித்துப்போகும் என்று கூடுதலாக நம்பினார்கள்; அறிக்கையில் எச்சரிக்கை சேர்க்கவும் முனைந்தார்கள். புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. ஆனால் நாளைக்கு, "பேப்பரிலேயே வந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா?" என்ற கேள்வி வரும். அந்தப் பயத்தில் எழுதும் ஒரு வரி, தத்தளிக்கும் நூற்பாலையின் வங்கிக் கடனை நிறுத்திவிடும். சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் தெருவுக்கு வரும்.

செய்தியால் மாற வேண்டியது ஆடிட்டர் எங்கே போய்ப் பார்க்கிறார் என்பது. கையெழுத்தை மாற்றும் உரிமை அங்கே கிடைக்கும் ஆதாரத்துக்கு மட்டுமே உண்டு. நிறுவனத்துக்கு உள்ளிருந்து வந்த முறைகேட்டுப் புகார்களைக் கவனித்தாரா என்று ஆடிட்டர் எழுத வேண்டும் என நம் நாட்டில் நிறுவன ஆடிட்டர் அறிக்கைக்கான 2020ஆம் ஆண்டு 'காரோ' உத்தரவு கேட்கிறது. அதன் கீழேயே இன்னொரு பிரிவைச் சேர்க்கலாம்: கணக்கைப் பற்றிக் குறிப்பான குற்றச்சாட்டோடு அந்த ஆண்டு வந்த செய்தி எது, அதற்காக யாரிடம் நேரில் விசாரித்தார், என்ன பதில் வந்தது.