இட்லித் தட்டுக்கு இடம் எங்கே?

"நம்ம ஊர் சமையலுக்கு டிஷ்வாஷர் எல்லாம் சரிப்படாதுங்க."

இந்த வசனத்தைச் சொல்லாத ஆளைத் தமிழ்நாட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். வாங்கினவரும் சொல்கிறார், வாங்காதவரும் சொல்கிறார். சில சமயம் விற்கிற கடைக்காரரே சொல்கிறார். காரணம் கேட்டால் லிஸ்ட் ரெடியாக இருக்கும். எண்ணெய் ஜாஸ்தி, மசாலா ஜாஸ்தி, மஞ்சள் கறை, அடிப்பிடித்த பால். அதாவது தப்பு சமையல் மேல். இன்னும் ஐந்து நிமிஷம் பேசவிட்டால் அது சமைக்கிறவர் மேல் போய் நிற்கும். "எங்க அம்மா காலத்துல எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ச்சாங்க, இப்ப இருக்கறவங்களுக்குச் சோம்பேறித்தனம்..."

இரண்டுமே அபத்தம். தப்பு அந்த மெஷினுக்குள் இருக்கிற கம்பிக் கூடையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு, அந்தக் கூடையின் கொள்ளளவைச் சொல்லி விற்கிற கணக்கில் இருக்கிறது.

முதலில் இந்த "சரிப்படாது" மேட்டரைப் பார்த்துவிடலாம்.

டிஷ்வாஷர் தேய்ப்பதில்லை. உள்ளே சுழலும் கைகள் இருக்கின்றன, அவற்றில் ஓட்டைகள் இருக்கின்றன, பம்ப் தண்ணீரை அந்த ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறது. அடித்த தண்ணீரையே வடிகட்டித் திரும்பத் திரும்ப அடிக்கும். அதனால்தான் ஒரு ஓட்டத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டரிலேயே வேலை முடிந்துவிடுகிறது. தண்ணீரின் சூடு புரோகிராமைப் பொறுத்து 50 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை போகும். அவ்வளவு சூட்டில் எந்த மனிதரும் கையை வைத்துக் கழுவ முடியாது. அதற்கான பவுடரிலும் மாத்திரையிலும் காரம் இருக்கிறது, கூடவே என்சைம்கள். ஒருவகை என்சைம் மாவுச்சத்தை உடைக்கும், இன்னொரு வகை புரதத்தை உடைக்கும்.

சோற்றுக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கிறதா? அது மாவுச்சத்து. பால் ஆடை, முட்டை? புரதம். எண்ணெய்? சூடும் காரமும் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் கறை பிளாஸ்டிக் டப்பாவில் தங்கும், உண்மைதான். எவர்சில்வரில் தங்காது. கருகி அடிப்பிடித்தது மட்டும் மெஷினுக்குக் கஷ்டம். ஆனால் இத்தாலிக்காரர் வீட்டு அவனில் கருகிய சீஸும் அதே மெஷினுக்கு அதே அளவு கஷ்டம்தான். அதை வைத்து யாரும் "இத்தாலிச் சமையலுக்கு டிஷ்வாஷர் சரிப்படாது" என்று சொல்வதில்லை.

ஆக, தண்ணீர் போய்ப் பட்டால் பாத்திரம் சுத்தமாகும். படாவிட்டால் ஆகாது. படுமா படாதா என்பதை முடிவு செய்வது கூடை. கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எந்தச் சாய்வு, மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம், இதுதான் மொத்த விஷயமும்.

இப்போது கடைக்குள் போவோம். மெஷின் மேல் ஒரு ஸ்டிக்கர். "12 பிளேஸ் செட்டிங்". பக்கத்தில் இன்னொன்று, "14 பிளேஸ் செட்டிங்". விற்பனைப் பையன் அழகாக மொழிபெயர்ப்பான்: "பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரம் தாராளமா போடலாம் சார்."

பன்னிரண்டு பேர் சரி. எந்தப் பன்னிரண்டு பேர்?

பிளேஸ் செட்டிங் என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் முன்னால் வைக்கும் செட். பெரிய தட்டு, சூப் தட்டு, இனிப்புத் தட்டு, கப், சாஸர், கண்ணாடி கிளாஸ், கத்தி, ஃபோர்க், மூன்று விதமான ஸ்பூன். இதை வைத்துத்தான் காலங்காலமாகக் கொள்ளளவைச் சோதித்து வந்தார்கள். பிற்பாடு ஐ.இ.சி. 60436 என்ற சர்வதேசத் தரத்தில் சில பானைகளையும் மக்குகளையும் சேர்த்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் அந்தப் பட்டியலில் இட்லித் தட்டு கிடையாது. டபரா கிடையாது. குக்கருக்குள் வைக்கும் அடுக்குப் பாத்திரம் கிடையாது.

அப்படியானால் அந்த "12" என்பது தமிழ்நாட்டில் வாங்குகிறவருக்கு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்வதில்லை. நெல்லை மீட்டரில் அளந்து கொடுத்த மாதிரி.

வாங்கியவர்களின் அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள். வீடு வேறு, கம்பெனி வேறு, விலை வேறு. புகார் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்று, தட்டு. பீங்கான் தட்டு ஏறக்குறைய சப்பை, கம்பிக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எவர்சில்வர் தட்டுக்குச் சுற்றிலும் எழும்பிய விளிம்பு உண்டு. அது ஒரு கம்பி இடைவெளியில் நிற்காது, ஒன்றை விட்டு ஒன்றில்தான் வைக்க வேண்டும். அங்கேயே பாதி இடம் போச்சு.

இரண்டு, தம்ளரும் டபராவும். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கக் குழியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். லேசான தம்ளர் என்றால் தண்ணீர் அடிக்கிற வேகத்தில் மல்லாந்துவிடும். மெஷினைத் திறந்தால் தம்ளர் நிறையச் சோப்புத் தண்ணீர்.

மூன்று, குக்கர். கீழ்க்கூடையில் வைத்தால் மேலே சுழலும் கையில் இடிக்கும். கை நின்றுபோனால் மேல்தட்டில் இருக்கிற மொத்தப் பாத்திரமும் அரைகுறை. இடிக்காமல் இருக்க மேல்கூடையை உயர்த்தினால் அதில் உயரமான தம்ளருக்கு இடமில்லை.

நான்கு, இட்லித் தட்டு. குழிகளும் ஓட்டைகளும், ஓட்டைக்குள் காய்ந்த மாவும். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகச் சாய்த்து நிறுத்தினால் நன்றாகவே சுத்தமாகும். நிறுத்த இடம் எங்கே? கம்பிகள் எல்லாம் சப்பைத் தட்டுக்காக நின்றுகொண்டிருக்கின்றன.

ஐந்து, கரண்டி. குழிக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத் திருப்பி எல்லாம் நீளக் கைப்பிடி. ஃபோர்க்குக்காகச் செய்த குட்டிக் கூடையில் நிற்காது. மேல்தட்டில் படுக்க வைத்தால் நாலு தம்ளருக்கான இடத்தைச் சாப்பிடும்.

கடைசியில் என்ன நடக்கிறது? மெஷினுக்குள் ஸ்பூன், காபி கப், கண்ணாடி கிளாஸ், ரெண்டு சின்னக் கிண்ணம் போகின்றன. குக்கர், வாணலி, பால் பாத்திரம், இட்லித் தட்டு, மிக்ஸி ஜார் எல்லாம் தொட்டியிலேயே கிடக்கின்றன. அதாவது சுலபமான வேலை மெஷினுக்கு, முதுகு ஒடிகிற வேலை மனுஷிக்கு. காசு கொடுத்து வாங்கியது எதற்காக?

இதில் விளையாட்டு இல்லாத பகுதி ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியவில்லை. அதுவரை டிஷ்வாஷரை ஆடம்பரம் என்று நினைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் தேடித் தேடி வாங்கின. மெஷின் வந்த வீடுகளில் அடுத்து ஒரு கணக்கு நடந்தது: "அதான் மெஷின் இருக்கே, பாத்திரத்துக்கு ஆள் எதுக்கு?" இந்தக் கணக்கைப் போடுகிறவர் பெரும்பாலும் பாத்திரம் கழுவாதவர். மெஷின் பாதிதான் செய்கிறது, ஆள் முழுசாக நின்றாயிற்று. நடுவில் இருக்கிற அந்தப் பாதி யார் தலையில் விழுகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அதுவும் "நாப்பதாயிரம் ரூபாய் மெஷின் இருக்கு, இன்னும் என்ன?" என்ற பேச்சோடு சேர்த்து.

காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த இடத்தில் அடக்க விலைக் கணக்கு ஞாபகம் வரணும். உதாரணத்துக்கு மெஷின் 40,000 ரூபாய், பத்து வருஷம் உழைக்கும் என்று வையுங்கள். வருஷத் தேய்மானம் 4,000. தினமும் ஓடினால் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 11 ரூபாய். பரவாயில்லை. பாத்திரம் உள்ளே போகாத கடுப்பில் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஓட்டினால்? 77 ரூபாய். மின்சாரம், மாத்திரை, உப்பு தனி. உள்ளே பாதி இடம் காலியாக ஓடினால் ஒரு பாத்திரத்துக்கான செலவு இன்னும் இரண்டு மடங்கு. திறன் இருந்தும் பயன்படாத இயந்திரம் சொத்துப் பட்டியலில் இருக்கும், நஷ்டத்தைத்தான் ஈட்டும். பல வீடுகளில் அது இப்போது தட்டு அடுக்கி வைக்கும் அலமாரி. :)

இதற்கு வருகிற பதில்களையும் பார்த்துவிடுவோம்.

"அடுக்கத் தெரியலைங்க அவங்களுக்கு." பாதி உண்மை. ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கினால் உள்ளே இருப்பதற்குத் தண்ணீரே போகாது. முன்னால் பெரிய தட்டு நின்றால் மாத்திரைப் பெட்டியின் மூடி திறக்காது. கறிவேப்பிலையும் கடுகும் அடைத்த ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் அந்த அழுக்கேதான் திரும்பச் சுற்றும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்தான். ஆனால் கூடவே வரும் புத்தகத்தில் அடுக்கும் முறை என்று போட்டிருக்கும் படம் பெரும்பாலும் தட்டு, கப், சாஸர், ஒயின் கிளாஸ். குக்கரை எப்படி வைப்பது என்று சொல்லித் தராமல், வைக்கத் தெரியவில்லை என்று பழி சொல்வது என்ன நியாயம்?

"கடாய்க்குன்னே தனி புரோகிராம் இருக்கே." இருக்கிறது, சில மெஷின்களில். சூடு கூடும், நேரம் கூடும். பொத்தானில் கடாய் என்று பெயர் எழுதினால் போதுமா? கூடைக்குள் அந்தக் கடாய் இறங்க வேண்டாமா? கம்பிகளை மடக்கிக்கொள்ளும் வசதி உள்ள கூடைகள் பெரிய பாத்திரத்துக்கு உண்மையிலேயே உதவுகின்றன. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மடக்கினால் தட்டுக்கு இடம் போகும், அப்போது ஸ்டிக்கரில் உள்ள "12" என்ன ஆகும்? அந்தக் கணக்கை யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

"பாத்திரத்தை மாத்திக்குங்க, பீங்கானுக்கு மாறிடுங்க." இதுதான் உச்சம். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அலுமினியம் காரத்தில் கறுத்துப்போகும், இரும்புத் தோசைக்கல் பதம் போய்விடும், அவற்றை வெளியே வைக்கச் சொல்வதில் காரணம் இருக்கிறது. அது உலோகத்தின் குணம். எவர்சில்வர் தட்டையும் இட்லித் தட்டையும் வெளியே நிறுத்துவது உலோகத்தின் குணம் இல்லை. வடிவமைத்தவர் அளந்து பார்க்காததன் விளைவு.

அளந்து பார்க்கிற பழக்கம் இந்த மெஷினின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1850லேயே அமெரிக்காவில் ஜோயல் ஹவ்ட்டன் என்பவர் கையால் சுற்றும் ஒரு மரக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீரைத் தெளித்ததோடு சரி, எடுபடவில்லை. எடுபட்ட மெஷினைச் செய்தவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊர்க்காரர். அவர் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? தன் வீட்டுத் தட்டு, கப், சாஸர் ஒவ்வொன்றையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற மாதிரி கம்பி அறைகள் செய்தார். அந்த அறைகளை ஒரு சக்கரத்தில் பொருத்திச் செப்புக் கொப்பரைக்குள் படுக்க வைத்தார். கீழிருந்து சூடான சோப்புத் தண்ணீர் பீய்ச்சியது. 1886 டிசம்பர் 28ல் காப்புரிமை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் பாத்திரம் கழுவின.

முதலில் பாத்திரம், பிறகு கூடை, அதன் பிறகுதான் மெஷின். அந்தப் பெண்மணி இட்லி சாப்பிடும் ஊரில் பிறந்திருந்தால் முதல் கூடையே இட்லித் தட்டுக்குத்தான் செய்திருப்பார். 1886ல் ஒரு தனி மனுஷி அளவு நாடாவோடு செய்த வேலையை, இன்றைக்கு இவ்வளவு பெரிய சந்தையை வைத்துக்கொண்டு கம்பெனிகள் செய்யாததற்கு என்ன சாக்கு?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிமேல் "12 பிளேஸ் செட்டிங்" என்று போடுங்கள், கூடவே இத்தனை விளிம்புத் தட்டு, இத்தனை தம்ளர், ஒரு 5 லிட்டர் குக்கர், ஒரு செட் இட்லித் தட்டு என்றும் போடுங்கள். அதை அடுக்கி ஒரு படம் போடுங்கள். விளிம்புத் தட்டுக்கு ஏற்ற இடைவெளியோடு ஒரு மாற்றுக் கூடையைத் தனியாகவாவது விற்றுத் தொலையுங்கள். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், வளைத்த கம்பி போதும்.

அதுவரை வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். கடைக்குப் போகும்போது ஒரு கட்டைப் பையில் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு நாலு, டபரா செட் ரெண்டு, இட்லித் தட்டு, தினமும் வைக்கிற குக்கர், ஒரு குழிக்கரண்டி எடுத்துக்கொண்டு போங்கள். மெஷினைத் திறக்கச் சொல்லி அங்கேயே அடுக்கிப் பாருங்கள். மேலே இருக்கிற சுழல் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், இடிக்கிறதா என்று. விற்பனைப் பையன் சிரிப்பான். சிரிக்கட்டும். புடவை எடுக்கப் போனால் பத்துப் புடவையைப் பிரித்துப் போடச் சொல்வதில்லையா?

அந்தக் கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலையையாவது, வீட்டில் இதுவரை பாத்திரம் கழுவாதவர் செய்யட்டும்.

பி.கு.: ஏற்கெனவே வாங்கி அலமாரியாக வைத்திருப்பவர்களுக்கு. பாத்திரத்தை முன்கூட்டிக் கழுவிப் போட வேண்டாம், மிச்சத்தை வழித்துப் போட்டால் போதும். அழுக்கைப் பார்த்து ஓடும் ஆட்டோ புரோகிராம் இருந்தால், கழுவிய பாத்திரத்தைப் பார்த்து அது லேசாக ஓடிவிடும். தம்ளரைக் கொஞ்சம் சாய்த்துக் கவிழுங்கள், அடிக்குழியில் தண்ணீர் நிற்காது. உப்புத் தண்ணீர் வருகிற வீடு என்றால் மெஷினுக்கான உப்பு தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளைத் திட்டுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். சமையல் உப்பைக் கொட்டிவிடாதீர்கள்!