உழைச்செல்வான் யார்?

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். இந்நான்காமவனை, மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் எனக் கொள்வார் பரிமேலழகர். வகுப்பறையில் பல்லாண்டுகளாகச் செவிலியர் என்றே பொருள் கூறிவந்த எனக்கு, இன்று மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநரே நினைவுக்கு வருகிறார்.

காரணம் உண்டு. என் அத்தா இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மாத்திரை உண்பவர். முழங்கால் வலி மிகவே, தெருமுனைக் கடையில் வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்தவன் நானே. சீட்டு கேட்பார் இல்லை. எடுத்துத் தந்தவன் விவரம் அறியாச் சிறுவன். அவ்வகை மாத்திரை கொதிப்பை ஏற்றும், முதியோரின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதைச் சிறுநீரகம் பழுதுற்ற பின்னரே அறிந்தோம். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்ற ஒரு வினா போதுமாயிருந்தது.

முதியவர் மருத்துவரைக் காண்பது ஆண்டில் சில முறையே. மருந்துக்கடைக்கோ அவரோ அவர்தம் மக்களோ மாதந்தோறும் சென்றாக வேண்டும். இரு மருத்துவர்கள் ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் எழுதியிருப்பதும், சென்ற மாத மாத்திரை வாங்கப்படாமல் விடுபட்டதும் அங்கேதான் தெரியவரும். ரமலானில் சர்க்கரை மாத்திரையின் நேரத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, பகலில் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. "மருத்துவரிடம் அளவு கேட்டீர்களா?" என்று நோன்புக்கு முன்பே வினவ, மருந்தாளுநரினும் தக்கவர் யார்?

இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், 40 வயதைக் கடந்தோர்க்கு மருந்துக்கடைகளிலேயே இரத்த அழுத்தம் அளந்து, மிகுந்திருப்போரை மருத்துவரிடம் அனுப்பும் திட்டம் நடைபெறுகிறது. நம் நாட்டுச் சட்டமும் ஊமையன்று. பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டம். நோயாளிக்கு விளக்கம் கூறுவதையும் அவர் பணியாக்கின 2015ஆம் ஆண்டு விதிகள். ஆயினும், சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகளை நாம் அறியாதவரல்லேம். கடை நடத்தும் நம் பெரியோர் இதனைச் சினவாது எண்ணிப் பார்க்க வேண்டும். நோயை அறுதியிடுவது மருத்துவர் பணியே. அதனைப் பறிக்கச் சொல்லவில்லை. கேட்கவும் அளக்கவும் தடுக்கவும் ஒருவர் கடையில் இருக்கட்டும் என்கிறேன்.

இப்போது அத்தாவுக்கு ஒரே கடையில்தான் வாங்குகிறேன். அங்குள்ள மருந்தாளுநர் அம்மையார் அவருடைய மாத்திரைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். சென்ற மாதம் மூக்கடைப்புக்கு மாத்திரை கேட்டேன். ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர், "இது கொதிப்பை ஏற்றும், சார்" என்று தர மறுத்துவிட்டார்.