வலி அடங்கினால் போதுமா?

முடக்குவாத நோயாளிகள் பலர் எங்களிடம் மகிழ்ச்சியோடு கூறும் செய்தி ஒன்று உண்டு: "வலி போய்விட்டது, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்." அம்மகிழ்ச்சியில் எங்களால் பங்குகொள்ள இயலவில்லை. வலி அடங்குவதும் நோய் அடங்குவதும் ஒன்றல்ல.

மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் மேற்பரப்பில் மேக்ரோஃபேஜ் எனும் காவல் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து வேலிபோல் நிற்பதை, 2019-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளின் மூட்டுகளில் விளக்கிக் காட்டினர். எலும்பின் எல்லைக்கும் காவல் உண்டு. ரேங்க்-எல் எனும் மூலக்கூறு எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும். ஆஸ்டியோபுரோட்டெஜெரின் எனும் புரதம் அதைப் பற்றிக்கொண்டு தடுக்கும். இவ்விரண்டின் சமநிலையே எலும்பைக் காக்கிறது.

முடக்குவாதத்தில் இக்காவல் குலைகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் மிகுகின்றன, ரேங்க்-எல் ஓங்குகிறது. காக்க வேண்டிய சவ்வே தடித்துப் படர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

வலி மாத்திரை வலியைத் தணிக்கும். இந்த அரிப்பை நிறுத்தாது. அரிப்பைத் தடுப்பவை மெத்தோட்ரெக்சேட் போன்ற நோய்போக்கை மாற்றும் மருந்துகளும், டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளுமே. அவை பலன் தரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம். இடையில் கைவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். அரிக்கப்பட்ட குருத்தெலும்போ பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

பக்கவிளைவு குறித்த அச்சமும் மருந்துச் செலவும் பொய்யல்ல என்பதை நாங்கள் அறிவோம். அவற்றை மருத்துவரிடம் மனம்விட்டுக் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் தோன்றினாலும், கருத்தரிக்க எண்ணினாலும், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரத்தப் பரிசோதனை நாளையும் நினைவூட்டுங்கள். "இன்று வலிக்கிறதா?" என்று கேட்பதோடு, "காலையில் விரல்கள் எவ்வளவு நேரம் விறைத்திருந்தன?" என்றும் கேளுங்கள். வலி மறைக்கும் உண்மையை அவ்விடை சொல்லக்கூடும்.